கன்னி மூலையில் இரண்டு பீரோ

தேசூர்
27.8.1999

மாமா அவர்களுக்கு,

பவித்ரா வணக்கத்துடன் எழுதுவது. என் அப்பாவுக்கு நீங்கள் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் திங்கட்கிழமை வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி, முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். மீதியை நான்தான் சத்தமாகப் படித்தேன். பதிலையும் என்னையே எழுதச் சொல்லிவிட்டார். மருமகள் எழுதுவதா என்று நீங்கள் கோபப்படலாம். கடிதம் முழுக்க என்னைப் பற்றித்தான் இருக்கிறது என்பதால் எனக்கும் ஒரு பக்கம் எழுத உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நான் படித்துப் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த பிக்கப் வண்டி உங்கள் அந்தஸ்துக்குச் சின்னது. நீங்கள் கட்டிய ‘நடமாடும் பட்டு மாளிகை’யை இழுக்க அதற்கு வக்கில்லை. ஆனியில் முதல் பயணத்திலேயே கழனியில் இறங்கி அத்தையின் மணிக்கட்டு உடைந்ததற்கு வண்டிதான் காரணம். ஆகவே அப்பா அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஒரு லாரி வாங்கித் தர வேண்டும். அதுவரை ஆடிக்குத் தாய்வீடு வந்த நான் தாய்வீட்டிலேயே இருக்கலாம்.

அத்தையின் கை இப்போது எப்படி இருக்கிறது என்று கடிதத்தில் இல்லை. வண்டியின் ஸ்பிரிங் பட்டை உடைந்தது மட்டும் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது.

மாமா, அந்த மாளிகையைக் கட்டும் யோசனை எங்கிருந்து வந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உங்கள் அக்கா மகன் சந்திரமோகன் அமெரிக்காவிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினார். ஒரு பிக்கப் வண்டி, அதன் பின்னால் கோர்த்த சக்கர வீடு, இரண்டுக்கும் நடுவில் அரைக்கால் சட்டையில் அவர். அந்த வீட்டில் அவர்கள் கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்த் தூங்குகிறார்கள். நீங்கள் அதில் கண்ணாடி பதித்த சுவர், இரும்பு பீரோ, கல்லா மேஜை, வாடிக்கையாளர் உட்கார மெத்தை எல்லாம் வைத்து ஊர் ஊராகப் பட்டு விற்கலாம் என்று நினைத்தீர்கள். நல்ல யோசனை. இப்போதும் சொல்கிறேன்.

ஆனால் ஒரு வண்டிக்கு இரண்டு பலம் உண்டு. ஒன்று இழுக்கிற பலம். இன்னொன்று முதுகில் சுமக்கிற பலம். நீங்கள் இழுக்கிற பலத்தை மட்டும் கேட்டுக்கொண்டு மாளிகைக்கு ஆர்டர் கொடுத்தீர்கள். சக்கர வீடு முழுவதும் தன் சக்கரத்தின் மேலேயே நிற்பதில்லை. அதன் மூக்கு வண்டியின் பின்பக்கத்துக் கொக்கியின் மேல் உட்காருகிறது. அப்படி உட்காருகிற பாரமும் வண்டிக்கு முதுகுச் சுமைதான். அதற்கு மேல் ஜெனரேட்டர், தண்ணீர் டிரம், சாமான், முதல் பயணம் என்று ஏறிய நம் வீட்டுப் பதினொரு பேர். எல்லாம் சேர்ந்து ஒரு டன்னுக்குள் இருக்க வேண்டும். இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

அரிசி மில்லில் லாரி எடை மேடை இருக்கிறது. மாளிகையை ஒரு முறை அதில் ஏற்றிப் பாருங்கள். பிறகு அதன் மூக்கை மட்டும் தனியாக மேடையில் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதினால், எவ்வளவு சாமான், எத்தனை பேர் ஏறலாம் என்று நான் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். லாரி தேவைப்படாது.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் பிள்ளைக்கு இந்த வீட்டு முகவரி தெரியும்.

பவித்ரா


ஆரணி
2.9.1999

மருமகள் பவித்ராவுக்கு மாணிக்கவேல் எழுதிக்கொண்டது.

எங்கள் குடும்பத்தில் மாமனாருக்கு மருமகள் கடிதம் எழுதியது இதுதான் முதல் தடவை. அதிலும் பாடம் எடுத்து எழுதியது. நான் சம்பந்திக்கு எழுதினேன். சம்பந்தி கண்ணாடியைக் கழற்றி வைத்தால் மறுபடியும் மாட்டிக்கொள்ளச் சொல்.

நீ பி.எஸ்ஸி. படித்தவள் என்று தெரிந்துதான் கட்டினோம். தராசு பிடிக்கிற என் குடும்பத்துக்கே எடையைப் பற்றிச் சொல்லித் தருவாய் என்று தெரியாது. ஒரு புடவையை உள்ளங்கையில் வைத்தால் எத்தனை கிராம், அதில் சரிகை எத்தனை கிராம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இந்த பஜாரில் கேட்டுப் பார். மாளிகைக்குள் இருப்பது பட்டு. பட்டுக்கு என்ன எடை? பீரோ நிறையப் புடவை அடுக்கினாலும் ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலை பாரம் வராது. உன் அப்பாவுக்கு மல்லாட்டை மூட்டை தெரியும், அவரைக் கேள்.

நிச்சயதார்த்தத்தில் நான் வண்டி வேண்டும் என்று கேட்டேனா? பையன் வெளியூர் வியாபாரம் போகிறான், ஒரு வண்டி இருந்தால் சௌகரியம் என்று பொதுவாகச் சொன்னேன். உன் அப்பாதான் எழுந்து நின்று, மைக் இல்லாத குறையாக, “எவ்ளோ பாரம் வேணா ஏத்துங்க சம்பந்தி, வண்டி அசராது” என்றார். தட்டு மாற்ற வந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஏற்றினேன். அசைந்துவிட்டது. இதில் என் தப்பு என்ன?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். வண்டி கிளம்பும்போது பூசணிக்காய் உடைக்கிற நேரத்தில் நீ கீழே இறங்கி, பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்து, “பின்னாடி ரொம்ப உக்காந்துடுச்சு, இப்ப போக வேணாம்” என்றாய். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிற வாசலில் அந்தப் பேச்சு தேவையா? உன் அத்தை கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு இன்று வரை ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லுகிறேன்.

எடை மேடை விஷயம். சீராக வந்த வண்டியையும் அதற்காகச் செய்த மாளிகையையும் நாலு பேர் பார்க்க அரிசி மில்லில் கொண்டுபோய் நிறுத்த மாட்டேன். பெண் வீட்டார் கொடுத்ததை மாப்பிள்ளை வீட்டார் எடை போட்டுப் பார்த்தார்கள் என்று ஊர் பேசும். உங்கள் மானத்தையும் சேர்த்துத்தான் நான் காப்பாற்றுகிறேன். அது உனக்குப் புரியாது.

தலைதீபாவளிக்கு முன்னால் லாரி வர வேண்டும். இல்லையென்றால் தலைதீபாவளி என்ற பேச்சே வேண்டாம்.

லோகநாதனுக்குக் கடையில் ஆவணி முகூர்த்த வியாபாரம். அவனுக்குக் கடிதம் எழுத நேரம் இல்லை.

மாணிக்கவேல்


தேசூர்
8.9.1999

மாமா அவர்களுக்கு,

பவித்ரா. உங்கள் கடிதத்தை அப்பா கண்ணாடி மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு கழனிக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

நான் வாசலில் சொன்னதை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வந்த பதில்களை விட்டுவிட்டீர்கள். சின்ன மாமா ஜெயவேல் வண்டி மேலே நின்றுகொண்டு சொன்னார்: “அண்ணி, உங்க மருமக பிசிக்ஸ் பாத்துகினு கீறா. பிசிக்ஸ் பிக்சரெல்லாம் அப்பறம் காட்டட்டும், ஏறச் சொல்லுங்க.” எல்லோரும் சிரித்தார்கள். அத்தை என் கையைப் பிடித்து இழுத்து, “வா கண்ணு, வாயை வச்சுகினு சும்மா வா, அவரு பேஜாராயிடுவாரு” என்றார்கள். உங்கள் பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “முன்னாடி லேசா கீது, எனக்கே தெரியுது. அப்பா கிட்ட யாரு சொல்றது?” என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது, மாமா. ஸ்டியரிங் பிடித்தவருக்குத் தெரிந்திருந்தது. பின்பக்கம் பாரத்தில் அமுங்கினால் முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடும். பாலத்து இறக்கத்தில் அவர் வளைத்தார். சக்கரம் வளைந்தது. வண்டி நேராகப் போய்விட்டது. நாற்று நடாத கழனியாக இருந்தது நம் அதிர்ஷ்டம். கிணறாக இருந்திருந்தால் இந்தக் கடிதப் போக்குவரத்துக்கு இடமிருந்திருக்காது.

பட்டுக்கு எடை இல்லை என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். பட்டு வைத்த பீரோவுக்கு இருக்கிறது. அதுவும் எலி கடிக்காத, கரையான் அரிக்காத, கெட்டித் தகட்டு பீரோ இரண்டு. அவை மாளிகையில் எங்கே நின்றன? மூக்கில், வலது மூலையில். ஏன் அங்கே?

ஜோசியர் அருணகிரி வாஸ்து பார்த்தார். காலி மனையில் மாளிகை தெற்கு பார்த்து நின்றது. அவர் காம்பஸ் வைத்துப் பார்த்து, கனமான பொருள் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும், தென்மேற்கு இதுதான் என்று கையைக் காட்டினார். இரண்டு பீரோவையும் ஆறு பேர் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தார்கள். ஜெனரேட்டர் தென்கிழக்கில், அக்கினி மூலைக்குப் போக வேண்டும் என்று அதையும் முன்பக்கமே வைக்கச் சொன்னார். புகை வரும் என்று அத்தை சண்டை போட்டதால் அது வண்டிக்கு வந்தது. இரண்டில் எங்கே வைத்தாலும் சுமை ஒரே முதுகில்தான்.

வீட்டுக்கு வாஸ்து பார்ப்பதில் எனக்குத் தகராறு இல்லை. வீடு நிற்கிற இடத்தில் நிற்கும். இது சக்கரம் வைத்த வீடு. செய்யாறு ரோட்டில் கிழக்கே திரும்பிய உடனே கன்னி மூலை பின்பக்கம் போய்விட்டது. பீரோ போகவில்லை.

எடை போட்டால் எங்கள் மானம் போகும் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். சீர் கொடுத்த வண்டி போதாது என்று பதிவுத் தபாலில் எழுதியபோது தேசூர் போஸ்ட்மேனுக்கு அது தெரியாது என்று நினைத்தீர்களா? கவரைக் கொடுத்துவிட்டு, “ஏம்மா, ஆடி முடிஞ்சிதே, இன்னும் கூப்புட வரலியா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார். இப்போது தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

முகூர்த்த வியாபாரத்தில் உங்கள் பிள்ளைக்கு நேரம் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். நான் அவர் மனைவி. நான் எங்கே இருக்க வேண்டும் என்று அவர் ஒரு வரி எழுதட்டும்.

பவித்ரா


ஆரணி
24.9.1999

பவித்ராவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது எழுத வேண்டிய நிலைமை.

மாளிகையை வடக்கு பார்க்கத் திருப்பி நிறுத்தினேன். நீ எழுதியதால் இல்லை. மழைத் தண்ணீர் தேங்குகிறது என்று. அருணகிரியை மறுபடி கூப்பிட்டதில், இப்போது கன்னி மூலை பின்பக்கம் வருகிறது என்றார். பீரோ இரண்டையும் வாலுக்குக் கொண்டுபோனோம். வண்டியின் பின்பக்கம் நன்றாக நிமிர்ந்தது. ஜெயவேல்கூட, “அண்ணே, இப்ப குதிர மாதிரி நிக்குது பாரு” என்றான். புரட்டாசி பிறக்கும் முன் ஒரு நடை போய் வரலாம் என்று போளூர் ரோட்டில் எடுத்தோம். பதினொரு பேர் இல்லை, நாங்கள் மூன்று பேர்தான்.

கொஞ்சம் வேகம் எடுத்ததும் மாளிகை பின்னால் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக. அப்புறம் நாய் வாலை ஆட்டுகிற மாதிரி. அது ஆட்டியதில் வண்டியும் ஆடியது. கடைசியில் ஒரு டீக்கடைப் பந்தலை இழுத்துக்கொண்டு நின்றது. டீக்கடைக்காரன் சொன்ன வார்த்தைகளை உனக்கு எழுத முடியாது. இதற்கும் வண்டியின் சிறுமைதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். யானை இழுத்தால் வால் ஆடுமா?

மறுநாள் லோகநாதன் எனக்குத் தெரியாமல் மாளிகையை அரிசி மில்லுக்குக் கொண்டுபோய் எடை மேடையில் ஏற்றியிருக்கிறான். பீரோவை மறுபடி மூக்கில் வைத்து ஒரு எடை, வாலில் வைத்து ஒரு எடை. காலி மனையில் நின்றிருந்தது காணவில்லை என்று நான் போலீசுக்குப் போக இருந்தேன். பஜாரில் எல்லோருக்கும் என்ன எண் என்று தெரிந்துவிட்டது, என்னைத் தவிர. நான் கேட்கவும் இல்லை. காலையில் கடை திறந்தால் எதிர்க்கடையிலிருந்து, “இன்னா மாணிக்கவேலு, மாளிகை இன்னிக்கி எந்தக் கழனில?” என்று கேட்கிறார்கள். பெங்களூர் வரைக்கும் போகப்போகிறேன் என்று இந்த பஜாரில் இனிப்பு கொடுத்தவன் நான். அந்த இனிப்பைத் தின்றவர்கள்தான் கேட்கிறார்கள்.

நீ தனியாக அவனுக்குக் கடிதம் எழுதினாயா? எழுதவில்லை என்று அவன் சொல்கிறான். உன் அத்தையைக் கேட்டால், “அந்தப் பொண்ணு சொன்னா, நீங்க கேக்கல. இப்ப என்னை எதுக்குக் கேக்கறீங்க?” என்கிறாள். என் வீட்டிலேயே எனக்கு எதிராக ஒரு கட்சி.

உன் கோபத்துக்கு ஒன்று மட்டும் சொல்லுகிறேன். உன்னை நாங்கள் விரட்டவில்லை. ஆடிக்கு அனுப்பினோம். வண்டி பிரச்சினை தீர்ந்ததும் அழைக்கப் போகிறோம். அதுவும் தீர்ந்த மாதிரிதான். உன் அப்பா பெரிய மனுஷன். லாரிக்கு ஏற்பாடு ஆகிவிட்டது, ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் கிணற்றுக் கழனியைக் கிரயம் பண்ணுகிறேன் என்று போன வாரம் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். ஆண்பிள்ளைகள் பேசினால் இப்படித்தான் ஜல்தியாக முடியும். நீ இதில் தலையிடாதே.

மாணிக்கவேல்


தேசூர்
1.10.1999

மாமா அவர்களுக்கு,

கிணற்றுக் கழனியை விற்கப் போகிறார் என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவிடம் கேட்டேன். அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு பேசாதே என்று சைகை காட்டினார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

“யாருக்கு?” என்றேன்.

“வீரனுக்கு. பக்கத்துக் கழனி அவனுதுதானே. அச்சாரம் குடுத்துட்டான்.”

“நம்ம கிட்ட தண்ணி உள்ள கழனி அது ஒண்ணுதாம்பா. மீதி ரெண்டும் வானம் பாத்த பூமி.”

“உன்னை வூட்ல வச்சுகினு நான் தண்ணி பாச்சினா ஊரு சிரிக்கும்மா.”

“அந்த லாரி வந்தாலும் பாரத்தை அதே மாதிரிதான் ஏத்துவாங்க.”

“ஏத்திகினு போவட்டும். நீ அங்க இருப்ப இல்ல?”

என் அப்பா தசரதனின் கணக்கு இது. இதற்கு எந்த எடை மேடையிலும் விடை வராது. மாமா, நான் உங்கள்மேல் கோபப்பட்டு எழுதிய முந்தைய கடிதங்களை விளையாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். இதுதான் கோபம்.

உங்களுக்கு பஜாரில் தலை குனிவு. அதற்காக எங்கள் வீட்டுச் சோறு போக வேண்டும். உங்கள் மாளிகை மூக்கில் பாரம் வைத்தால் அமுங்குகிறது, வாலில் வைத்தால் ஆடுகிறது. சரியான இடம் இரண்டுக்கும் நடுவில், சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால். அங்கே பீரோவை நகர்த்த நான்கு ஆள் போதும், அரை நாள் போதும். ஒரு பீரோவை எடுத்துவிட்டு மர அலமாரி வைத்தால் இன்னும் நல்லது. நீங்கள் அதைச் செய்ய மாட்டீர்கள். செய்தால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடும். நான் சொன்னது சரி என்று ஆவதைவிட என் அப்பாவின் கிணறு போவது உங்களுக்குச் சின்ன விஷயம்.

உங்கள் பிள்ளையைப் பற்றி. ஆம், வந்தார். நான் பெரணமல்லூரில் ஒரு டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் போகிறேன். தெருவில் பதில் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பிக்கப்போடு நின்றுகொண்டிருந்தார். மாளிகை இல்லாமல். எடை போட்ட சீட்டை நீட்டினார். என் கணக்கு சரிதான் என்றார். மூக்கில் மட்டும் அரை டன்னுக்கு மேல் இருந்திருக்கிறது.

“அதைச் சொல்லவா வந்தீங்க?”

“இல்ல, உன்னைக் கூட்டிகினு போலாம்னு.”

“மாமாவுக்குத் தெரியுமா?”

“போயி சொல்லிக்கலாம். நீ கூட இருந்தா நான் சொல்வேன்.”

“நான் கூட இல்லாம சொல்லிட்டு வாங்க.”

அவர் டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஓட்டத் தெரிந்தவர், எடை போடத் தெரிந்தவர், உண்மை தெரிந்தவர். உங்கள் முன்னால் வாயைத் திறப்பது மட்டும் தெரியவில்லை. அவர்மேல் உள்ள கோபம் தனி. அதில் உங்களுக்குப் பங்கு கேட்காதீர்கள்.

இப்போது தெளிவாக எழுதுகிறேன். அந்தக் கழனி கிரயமானால் நான் ஆரணிக்கு வர மாட்டேன். லாரி வந்தாலும் மாட்டேன், மேளத்தோடு நீங்கள் வந்தாலும் மாட்டேன். கிணற்றை விற்று வாங்கின லாரியை உங்கள் வாசலில் தினமும் பார்த்துக்கொண்டு உங்களுக்குக் காப்பி கொடுக்க என்னால் முடியாது. டியூஷன் சம்பளத்தில் அம்மா அப்பாவோடு இருந்துகொள்வேன். முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீங்கள் கேட்டதை நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும். நான் சொன்னால் அப்பா கேட்கவில்லை.

பவித்ரா


ஆரணி
9.10.1999

பவித்ராவுக்கு,

நான் லாரி கேட்டதே இல்லை. வண்டி சின்னது என்றேன். பெரியது இருந்தால் நல்லது என்றேன். அதை உன் அப்பா லாரி என்று எடுத்துக்கொண்டால் அது அவருடைய பெருந்தன்மை. கிணற்றுக் கழனியை விற்கச் சொல்லி நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. கழனி விற்றுச் சீர் வாங்கின குடும்பம் என்று எங்களைச் சொல்ல வைக்காதே. லாரி வேண்டாம் என்று நான் சொன்னதாக உன் அப்பாவிடம் சொல்லிவிடு. எழுதியதை எழுதித் திருப்ப முடியாது. வாயால் சொன்னால் போதும்.

பீரோவில் ஒன்றைக் கடைக்குள் எடுத்து வைத்துவிட்டேன். கடையில் இடம் இருந்தது. இன்னொன்றை நடுவில் நகர்த்தியிருக்கிறது. யார் நகர்த்தினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அருணகிரி வந்து பார்த்து, நடு என்பது பிரம்ம ஸ்தானம், அங்கே பாரம் கூடாது என்றார். முதல் தடவையாக அவருக்குத் தட்சிணை கொடுக்காமல் அனுப்பினேன்.

லோகநாதன் மூன்று நாளாக அந்த மாளிகைக்குள் படுத்துக்கொள்கிறான். வாடிக்கையாளர் மெத்தையில். புதன்கிழமை ராத்திரி சாப்பிடும்போது என்னைப் பார்த்து, “அண்ணிக்கி ஸ்டியரிங் லேசா இருந்துச்சு. எனக்குத் தெரியும். உங்களுக்கு பயந்துகினு ஓட்டினேன். அம்மா கை உடைஞ்சது என்னாலதான், வண்டியால இல்ல. அவ அப்பா கிட்ட லாரி கேட்டது அசிங்கம்” என்றான். இருபத்தேழு வயதில் முதல் தடவையாக அவ்வளவு நீளமாகப் பேசினான். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டேன். உன் அத்தை அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைக்க உன் அப்பா வர வேண்டும். அதுதான் முறை. அவர் வருகிற மாதிரி தெரியவில்லை. அழைக்காவிட்டாலும் நாங்களே வருகிறோம், பெரிய மனது பண்ணி. பிக்கப்பில் எத்தனை பேர் வரலாம், நீயே கணக்குப் போட்டு எழுது. ஜெயவேல் குடும்பமும் வருகிறேன் என்கிறது.

மாணிக்கவேல்


தேசூர்
13.10.1999

மாமா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். “சம்பந்தி எழுதிக் கேட்டாரு. நீ வந்து வாயால வேணாம்னா எப்படிம்மா? வீரன் அச்சாரம் குடுத்தவன், அவனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?” என்கிறார். உங்கள் முதல் கடிதம் அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கழனிக்குப் போகும்போதும் எடுத்துக்கொண்டு போகிறார். முகூர்த்தத்துக்குப் பத்திரம் எழுதுகிறவரையும் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

ஆகவே வாயால் போதாது. நீங்கள் தேசூருக்கு வர வேண்டும். முகூர்த்தத்துக்கு முன்னால், நேரில், வீரன் முன்னிலையில், அந்தக் கடிதத்தை என் அப்பாவின் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு போக வேண்டும். எழுதியதைத் திருப்ப முடியாது என்கிறீர்கள். முடியும். கையை நீட்டினால் போதும்.

பிக்கப்பில் அன்று யாரும் வர வேண்டாம். அது வந்தால் தெருவே கூடும், நீங்கள் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

தலைதீபாவளிக்கு உங்கள் பிள்ளை வரலாம். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவர் பேசியதை எழுதினீர்கள். இரண்டு முறை படித்தேன். அவர் மட்டும் வரட்டும். அப்பாவை நான் அழைக்க அனுப்ப மாட்டேன். நானே அழைக்கிறேன், இந்தக் கடிதத்தை அழைப்பாக அவரிடம் காட்டுங்கள். சின்ன மாமா குடும்பத்துக்கு இந்த வருஷம் எங்கள் வீட்டில் இடமில்லை. தீபாவளி முடிந்து நான் அவரோடு ஆரணிக்கு வருவேனா என்பது, கழனி எங்கள் பேரில் இருப்பதை நான் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய விஷயம். வந்தாலும் டியூஷனை விடுவதாக இல்லை.

அத்தைக்கு மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டதா? அதை யாரும் எழுத மாட்டேன் என்கிறீர்கள்.

பவித்ரா


ஆரணி
16.10.1999

பவித்ராவுக்கு,

உன் அத்தைக்குக் கட்டு பிரித்தாகிவிட்டது. கை லேசாகக் கோணலாக இருக்கிறது. பூத் தொடுக்க வருகிறது, மாவு பிசைய வரவில்லை.

இந்த வயதில் ஒரு கடிதத்தைத் திரும்ப வாங்க ஊர் விட்டு ஊர் போகிறவன் இந்த பஜாரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. 26-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, முகூர்த்தத்துக்கு முன்னாலேயே, வருகிறேன். தனியாக வருகிறேன். வீரனை வரச் சொல்லி வை. கையெழுத்து, சாட்சி எதுவும் கேட்கக் கூடாது. சாப்பிட மாட்டேன்.

நான் பஸ்ஸில் போய் வெகு காலமாகிவிட்டது. ஆரணியிலிருந்து தேசூருக்கு நேர் பஸ் இருக்கிறதா, வந்தவாசியில் இறங்கி மாற வேண்டுமா? இங்கே யாரிடமும் கேட்க முடியவில்லை. உடனே எழுதவும்.

மாணிக்கவேல்